சுளுக்கென்று விட்ட வலி

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 1 அன்று பேட்மின்டன் வீரர் எச்.எஸ். பிரணாய் 12–21, 6–21 என்ற கணக்கில் சக இந்தியர் லக்ஷ்யா சென்னிடம் தோற்றார். முந்தைய ஆண்டுதான் கோப்பன்ஹேகனில் விக்டர் ஆக்செல்சனை அவருடைய சொந்த மண்ணிலேயே சாய்த்து உலகச் சாம்பியன்ஷிப் வெண்கலத்தை வாங்கியிருந்தார். அப்படிப்பட்டவரால் ஒலிம்பிக்கின் இரண்டாவது செட்டில் ஆறு புள்ளிக்கு மேல் எடுக்க முடியவில்லை. போட்டிக்குச் சற்று முன்பு அவரைச் சிக்குன்குனியா பிடித்திருந்தது. காய்ச்சல் விட்டது, வலி விடவில்லை. சில நாள் கழித்து, நீடிக்கும் வலியோடு முழுத் திறனில் ஆட முடியாது என்று அறிவித்துப் போட்டிகளிலிருந்து ஒதுங்கினார். மறுபடி களமிறங்கியது 2025 ஜனவரியில், மலேசிய ஓப்பனில்.

இந்த வலியைப் பற்றி அந்தமான் மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2006-இல் இந்தியா முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேரைச் சிக்குன்குனியா தாக்கியதாகக் கணக்கிடப்பட்டது. அந்த அலை கடல் தாண்டி, இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரையும் அடித்தது. அங்குள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் அதைப் பதிவு செய்தது. காய்ச்சலோடு கைகால் செயலிழந்த நோயாளிகள் சிலரைப் பற்றியும் அதன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் மூட்டு வலி தணிந்துவிடும். ஒரு பகுதியினருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். மணிக்கட்டு, விரல்கள், கணுக்கால் எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வீங்கும். மருத்துவரே முடக்குவாதமோ என்று ஐயப்படும் அளவுக்கு இரண்டும் ஒத்திருக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் மூட்டு வலி என்றாலே தேய்மானம் என்றுதான் பேச்சு. பேட்மின்டன் வீராங்கனை சாய்னா நேவால் 2024 செப்டம்பரில் தமக்கு ஆர்த்ரைட்டிஸ் இருப்பதாகவும், முழங்காலில் குருத்தெலும்பு கெட்டுவிட்டதாகவும், எட்டு ஒன்பது மணி நேரப் பயிற்சி இனி இயலாது என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அவர் விவரித்தது குருத்தெலும்பு அழிந்துபோன மூட்டை. அழற்சி மூட்டுவாதம் வேறு வகை. அதில் உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுச் சவ்வையே பகையாக நினைத்துத் தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது, நீர் கோக்கிறது, கவனிக்காமல் விட்டால் எலும்பு அரிக்கப்படுகிறது. முடக்குவாதம், சொரியாசிஸ் மூட்டுவாதம், தண்டுவட மூட்டழற்சி, குடல் தொற்றைத் தொடர்ந்து வரும் மூட்டழற்சி, சிக்குன்குனியாவின் நீடித்த மூட்டழற்சி எல்லாம் இந்தக் குடும்பம்தான். இந்தியாவில் முடக்குவாதம் மட்டும் வயதுவந்தோரில் ஏறத்தாழ அரை முதல் முக்கால் விழுக்காட்டினருக்கு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

இந்த நோய் விளையாட்டு வீரருக்கு வந்தால் என்ன ஆகும்? ஆட்டம் முடிந்ததா? உலக அனுபவத்தைத் திரட்டிப் பார்த்தால், முடியவில்லை என்பதே விடை. ஆனால் அந்த விடைக்கு ஒரு நிபந்தனை உண்டு: நோயை அதன் பெயரால் சீக்கிரம் அழைக்க வேண்டும். தீவுகளில் அந்தச் 'சீக்கிரம்' கடலைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது.

டென்னிஸ் வீராங்கனை கரோலின் வோஸ்னியாக்கி 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார். அதே ஆண்டு கோடையில் ஒரு நாள் காலை எழுந்தபோது கைகளைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. உடற்தகுதி குறைந்திருக்கிறது என்றுகூட அவரிடம் சொன்னார்களாம். உலகத் தரவரிசையின் உச்சியில் இருந்த, ஓட்டத்துக்குப் பேர்போன ஆட்டக்காரியிடம்! கடைசியில் முடக்குவாதம் என்று தெரிந்தது. சிகிச்சை தொடங்கியது, அக்டோபரில் பெய்ஜிங்கில் பட்டம் வென்றார். அதன் பிறகே சிங்கப்பூரில் நோயைப் பற்றி வாய் திறந்தார். 2020-இல் ஓய்வு பெற்று, இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகி, 2023-இல் திரும்பி வந்து, அமெரிக்க ஓப்பனில் நான்காம் சுற்று வரை போனார்.

கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கெல்சனின் கதையில் தொடக்கமே பாடம். 2010 ஜூனில், அமெரிக்க ஓப்பனுக்குச் சில நாள் முன்பு, ஒரு கை விரலிலும் மற்றொரு கை மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சுளுக்கு விழுந்ததுபோல் வலித்தது. மூன்று இடத்தில் ஒரே சமயத்தில் யாருக்கும் சுளுக்கு விழுவதில்லை. படுக்கையை விட்டு எழவே முடியாத நிலை வந்தபோது மருத்துவரிடம் போனார். சொரியாசிஸ் மூட்டுவாதம். வாரம் ஒரு ஊசியாக எட்டனர்செப்ட் என்ற உயிரியல் மருந்தைத் தொடங்கினார். 2013-இல் பிரிட்டிஷ் ஓப்பன் வென்றார். 2021-இல், ஐம்பது வயதில், பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்று பெரும்போட்டி வென்றவர்களில் மிக மூத்தவர் ஆனார். பிற்பாடு அந்த மருந்தின் விளம்பரத்திலும் தோன்றினார். வோஸ்னியாக்கியும் ஒரு மருந்து நிறுவனத்தோடு சேர்ந்து விழிப்புணர்வுப் பிரசாரம் செய்தார். இவர்களுடைய சொற்களைப் படிக்கும்போது அதையும் நினைவில் கொள்ள வேண்டும். என்றாலும் வென்ற கோப்பைகள் விளம்பரமல்ல.

உயிரியல் மருந்துகள் வருவதற்கு முந்தைய தலைமுறை எப்படிச் சமாளித்தது என்பதற்கு மைக்கேல் ஆதர்ட்டன் சாட்சி. இங்கிலாந்து கிரிக்கெட் அணித்தலைவருக்கு இருந்தது தண்டுவட மூட்டழற்சி. அவர் தந்தைக்கும் அது உண்டு. 1995-இல் ஜோகன்னஸ்பர்கில் 643 நிமிடம் களத்தில் நின்று 185 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் டெஸ்டைக் காப்பாற்றியவர் அவர். வலிநிவாரணி மாத்திரைகளும் கார்ட்டிசோன் ஊசிகளும்தான் அவருக்குக் கைகொடுத்தன. அதைச் சாதனை என்று கொண்டாடுவதை விட, அன்று வேறு வழி இல்லாதிருந்தது என்று புரிந்துகொள்வதே நியாயம்.

தண்டுவட மூட்டழற்சியை விளையாட்டு உலகம் தனியாகக் கவனித்தாக வேண்டும். அது தொடங்கும் வயதே பதின்மமும் இருபதுகளும். அதாவது விளையாட்டு வீரர்கள் உருவாகும் வயது. உலகெங்கும் இந்த நோயைக் கண்டறியச் சராசரியாக ஐந்து ஆண்டுக்கு மேல் தாமதமாகிறது. காரணம் எளிது. முதுகு வலிக்கிறது என்று சொல்லும் பதினெட்டு வயதுப் படகோட்டியையோ சைக்கிள் வீரரையோ பயிற்சியாளர் ஓய்வெடுக்கச் சொல்வார். அடிபட்ட வலி ஓய்வில் குறையும், ஓடினால் கூடும். அழற்சி வலியோ ஓய்வில் கூடும், அசைந்தால் குறையும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும். எழுந்து சற்று நடந்தால் தளரும். ஓய்வெடுத்து வலி கூடியவர் இன்னும் நீண்ட ஓய்வுக்கு அனுப்பப்படுகிறார். அப்படியே ஒரு பருவம் போகிறது, பிறகு ஒரு தேர்வுப் போட்டி போகிறது.

விடியற்காலையைக் கவனித்தால் போதும். அந்தமானில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். சைக்கிள் வீரர்கள் வெயில் ஏறுவதற்குள் சாலைப் பயிற்சியை முடிக்கப் பார்ப்பார்கள். அழற்சி மூட்டுவாதம் தொடங்கிய ஒருவருக்கு அந்த நேரத்தில் ஷூவின் பட்டையை இழுத்து மாட்டுவதே பெரும்பாடு. விரல் கணுக்கள் பொம்மென்று இருக்கும், பிரேக் பிடியைச் சுற்றி மடங்காது. உள்ளங்கையை மேசை மேல் தட்டையாக வைக்கச் சொன்னால் மணிக்கட்டு இடம் கொடுக்காது. ஏழு மணிக்கு எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருக்கும். ஒன்பது மணிக்கு மருத்துவரைப் பார்க்கும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இந்தக் காலை விறைப்பு அரை மணி, ஒரு மணி என்று நீண்டு, வீக்கம் ஆறு வாரம் தாண்டினால், அதற்குத் தைலம் போதாது.

அந்தமானோடு நிக்கோபாரும் இங்கே பேச்சில் வருவது இடத்தை நிரப்ப அல்ல. இந்தியச் சைக்கிள் பந்தயத்தின் நாற்றங்கால் அந்தத் தீவுகள்தான். கார் நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்பில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். உலக அளவில் இந்தியாவின் முதல் சைக்கிள் பதக்கம் அது. தங்கம் நழுவியது 0.017 விநாடியில். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோருடன் சேர்ந்து அணி ஸ்பிரிண்ட்டில் தங்கமும் வாங்கினார். அவருக்கு முன் வழி திறந்தவர் டெபோரா ஹெரால்ட். 2004 சுனாமியில், ஒன்பது வயதில், மரத்தைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் உயிர் பிழைத்தவர். இவர்களை இங்கே குறிப்பிடுவது நோயாளிகளாக அல்ல. ஒரு விநாடியின் நூறில் இரண்டு பங்குக்கும் குறைவான நேரம் பதக்கத்தின் நிறத்தை மாற்றும் தரத்தைத் தீவு விளையாட்டு எட்டிவிட்டது. அந்தத் தரத்துக்கு ஏற்ற மருத்துவம் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

மருந்து இல்லாத காலமல்ல இது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் கொடுத்து எழுந்து நடக்க வைத்தார். இரண்டே ஆண்டில் நோபல் பரிசு. அதன் பக்கவிளைவுகள் தெரிய வந்தபோது உற்சாகம் வடிந்தது. உண்மையான திருப்பம், புற்றுநோய் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை மிகக் குறைந்த அளவில் வாரம் ஒரு முறை கொடுக்கக் கற்றுக்கொண்டதில் வந்தது. 1988-இல் முடக்குவாதத்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. விலை குறைவு, பயன் பெரிது. இன்றும் முதல் மருந்து அதுதான். 1998-இல் எட்டனர்செப்ட் உள்ளிட்ட உயிரியல் மருந்துகள் வந்தன. அடலிமுமாப் மருந்தின் உலகின் முதல் நிகர் வடிவை 2014 டிசம்பரில் வெளியிட்டது இந்தியாவின் சைடஸ் நிறுவனம். மிக்கெல்சனின் கைக்கு எட்டிய வகை மருந்து இந்தியனின் கைக்கும் ஓரளவு எட்டத் தொடங்கியது அந்த ஆண்டுகளில்தான். சிக்குன்குனியா மூட்டழற்சிக்கும் வழி கிடைத்திருக்கிறது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைத் தனியாகக் கொடுப்பதை விட, மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசைனோடு சேர்த்துக் கொடுப்பது நீடித்த வலியை நன்றாகக் குறைப்பதாகக் கோழிக்கோட்டிலிருந்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது.

வீரர்களுக்கு இங்கே இன்னொரு அச்சம்: ஊக்கமருந்துச் சோதனை. இதில் தெரியாமை பெரும் கேடு செய்கிறது. மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசைன், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், எட்டனர்செப்ட், அடலிமுமாப் எதுவும் தடைப்பட்டியலில் இல்லை. சாதாரண வலிநிவாரணிகளும் இல்லை. தடை இருப்பது பிரெட்னிசலோன் போன்ற கார்ட்டிகோஸ்டீராய்டுகளுக்கு, அதுவும் போட்டிக் காலத்தில். மாத்திரையாக விழுங்குவதற்கு ஏற்கெனவே தடை இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் மூட்டுக்குள் போடும் ஊசி உட்பட எல்லா ஊசி வழிகளுக்கும் தடை. உடலிலிருந்து வெளியேறும் காலம் மருந்தைப் பொறுத்து மூன்று நாள் முதல், தசையில் போடும் டிரையம்சினலோனுக்கு அறுபது நாள் வரை போகும். தேவைப்படுபவர் சிகிச்சைக்கான விதிவிலக்கு அனுமதி கேட்கலாம். டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் 2011-இல் ஷோக்ரென் என்ற எதிர்ப்பாற்றல் நோய்க்காக அமெரிக்க ஓப்பனிலிருந்து விலகினார். பிறகு அப்படி அனுமதி பெற்றே ஆடினார். 2016-இல் இணையத் திருடர்கள் அந்த மருத்துவக் கோப்பை அம்பலப்படுத்தியபோது தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எல்லாம் விதிப்படி நடந்திருக்கிறது.

உண்மையான ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. மூட்டு வலிக்குக் கைகண்ட மருந்து என்று பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்தியாவில் பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. வீரர் அதைச் சாப்பிட்டால் இரண்டே நாளில் வலி பறந்துவிடும். சோதனையில் சிக்கினால் தெரியாது என்ற பதில் செல்லாது. யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் புரோபெனெசிடும் தடைப்பட்டியலில் உண்டு. மருந்துச் சீட்டை எழுதுபவருக்கே இது நினைவிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

தீவுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று மருந்துச் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நிக்கோபாரியர்களிடையே ஹெப்பாடைட்டிஸ் பி தொற்று மிக அதிகம் என்று போர்ட் பிளேர் மையத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தடுப்பூசி பரவுவதற்கு முன், ஆய்வு செய்த சில ஊர்களில் ஐந்தில் ஒருவரிடம் வைரஸின் தடயம் இருந்தது. கார் நிக்கோபாரில் 2000-ஆம் ஆண்டளவில் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் அடுத்த தலைமுறையைக் காக்கிறது. ஆனால் அதற்கு முன் பிறந்த ஒருவருக்கு உயிரியல் ஊசி போடுவதற்கு முன் ஹெப்பாடைட்டிஸ் பி சோதனையைத் தவறவிட்டால், உறங்கும் வைரஸ் விழித்துக் கல்லீரலைத் தாக்கலாம். மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து. மது கூடாது, சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை வேண்டும், கருத்தரிக்க நினைப்பவர் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். உறங்கும் காசநோயையும் முதலிலேயே தேடிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் செய்ய முடியாத காரியமல்ல. ஆனால் சென்னையில் எழுதிய சீட்டு கார் நிக்கோபாரில் தொடர வேண்டுமென்றால், யாராவது ஒருவர் அதைப் பொறுப்பாகப் பின்தொடர வேண்டும்.

தூரத்தைக் கணக்கிடலாம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,370 கிலோமீட்டர். கப்பலில் ஏறினால் இரண்டரை நாள், விமானத்தில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து கார் நிக்கோபார் மேலும் 270 கிலோமீட்டர், கேம்பல் பே இன்னும் அத்தனை தூரம். போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது, 2015 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கார் நிக்கோபாரில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் பெயரில் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் மூட்டுவாத நிபுணர்கள் இந்தியா முழுவதுமே குறைவு, இருப்பவர்களும் பெருநகரங்களில். தீவில் ஏழில் ஒருவர் தமிழ் பேசுபவர். அவர்களில் பலருக்கும் பெரிய மருத்துவம் என்றால் சென்னைதான். அங்கே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்குத் தனித்துறை பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. ஆனால் மூட்டுச் சேதத்தைத் தடுக்கக் கிடைக்கும் நல்ல காலம் நோய் தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதம். பயிற்சியாளர் சுளுக்கு என்று ஒரு மாதம், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று இன்னொரு மாதம், பயணச்சீட்டுக்கும் துணைக்கு வருபவரின் விடுப்புக்குமாக மற்றொரு மாதம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததுதான் இந்த நோயின் இயல்பே.

ஊசி மருந்தின் பயணமும் எளிதல்ல. உயிரியல் ஊசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் பேக் வைத்த பெட்டியோடு கப்பலில் தீவு தீவாகப் போவது தடுப்பூசிகளுக்குத் தீவுச் சுகாதாரப் பணியாளர்கள் ஆண்டாண்டாகச் செய்துவரும் வேலை. அதே பெட்டியில் இன்னொரு மருந்துக்கு இடம் கொடுப்பது திட்டமிட்டால் நடக்கும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பித்தடம் திறக்கப்பட்டது. கார் நிக்கோபாரும் கேம்பல் பேயும் அதில் இணைக்கப்பட்டவை. வீங்கிய விரலைக் கேமராவில் காட்டினால் சென்னை நிபுணர் பார்க்கலாம். இ-சஞ்சீவனி போன்ற அரசுத் தொலைமருத்துவ வசதியும் இருக்கிறது. முதல் சந்திப்பு நேரில்தான் நடக்க வேண்டும், மூட்டைத் தொட்டுப் பார்க்காமல் அழற்சியை உறுதி செய்வது கடினம். அதற்குப் பிந்தைய ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்தின் அளவு மாற்றம், பக்கவிளைவு விசாரணை எல்லாவற்றுக்கும் கடல் கடக்க வேண்டிய தேவை இன்று இல்லை.

பயிற்சியைத் தொடரலாமா என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. ஒரு காலத்தில் மருத்துவர்களே படுக்கை ஓய்வைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையை நெதர்லாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு அசைத்தது. முடக்குவாத நோயாளிகள் சுமார் 300 பேரில் ஒரு பாதியினரை இரண்டு ஆண்டு, வாரம் இருமுறை கடுமையாகப் பயிற்சி செய்ய வைத்தார்கள். அதில் சைக்கிள் மிதிப்பதும் ஒரு பகுதி. 2003-இல் முடிவு வெளிவந்தது. உடல் திறன் கூடியது, பெரும்பாலோருக்குப் பெரிய மூட்டுகளில் கூடுதல் சேதம் இல்லை. ஏற்கெனவே பெரிய மூட்டு மிகவும் பழுதடைந்தவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை தேவைப்பட்டது. நோயாளிகளுக்கான பயிற்சிக்கும் தொழில்முறை வீரரின் சுமைக்கும் வித்தியாசம் உண்டு என்பது உண்மைதான். அழற்சி கொழுந்துவிடும் வாரத்தில் சுமையைக் குறைத்து, அது அடங்கியதும் ஏற்றுவதே இன்று நடைமுறை. கனடாவின் பனிச்சறுக்கு வீராங்கனை ஸ்பென்சர் ஓ'பிரையன் 2014 ஸோச்சி ஒலிம்பிக்குக்குச் சில மாதம் முன்புதான் முடக்குவாதம் என்று அறிந்தார். ஸோச்சியிலும் இறங்கினார், 2018-இல் பியோங்சாங்கிலும் இறங்கினார்.

தீவு நிர்வாகமும் விளையாட்டு ஆணையமும் செய்ய வேண்டியவை பெரிய செலவுக் காரியங்கள் அல்ல. சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ ஒரு மூட்டுவாத நிபுணர் மாதம் ஒருமுறை ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வந்து புதிய நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும்; இடைப்பட்ட வாரங்களைத் தொலைமருத்துவம் பார்த்துக்கொள்ளும். பயிற்சி மையத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி நிலையை ஒருமுறை சோதித்துக் கோப்பில் வைக்க வேண்டும். சிக்குன்குனியா வந்துபோன வீரரை மூன்று மாதம் கழித்து மறுபடி அழைத்து மூட்டுகளைப் பார்க்க வேண்டும். பயிற்சியாளர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. நாடித் துடிப்பும் எடையும் எழுதும் பயிற்சிக் குறிப்பேட்டில், காலையில் எழுந்த பின் விறைப்பு எத்தனை நிமிடம் இருந்தது என்பதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். அந்த எண் தொடர்ந்து அரை மணியைத் தாண்டினால், அடுத்த போட்டி எது என்று பார்க்காமல் அந்தப் பையனையோ பெண்ணையோ அந்த வாரமே மருத்துவரிடம் அனுப்புங்கள்.